சோப் சேவைக்கு கிளையண்ட்: கருவியால் உருவாக்குவதா, ஓடும்போது படிக்கவிடுவதா, கையால் எழுதுவதா?

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்குக் கூரியர் இணைப்பு, கரூர் ஏற்றுமதியாளருக்கு ஐரோப்பிய வாட் எண் சரிபார்ப்பு, பயண முகவருக்கு விமான டிக்கெட். மதுரையின் சிறு மென்பொருள் நிறுவனங்கள் எடுத்துச் செய்யும் வேலைகளில் இவை அடிக்கடி வருகின்றன. எதிர்முனையில் ஜேசன் என்ற எளிய தரவு வடிவம்தான் இருக்கும் என்று நம்பி விலை பேசி முடித்துவிடுகிறார்கள். பிறகு மின்னஞ்சலில் ஒரு டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு வந்து இறங்குகிறது. எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் சோப் வகைச் சேவையில் என்னென்ன செயல்கள், என்னென்ன தரவு வகைகள் என்று விவரிக்கும் கோப்பு அது. வடபழஞ்சி எல்காட் பூங்காவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: “அண்ணே, கருவியை ஓட்டினால் திரை முழுக்கப் பிழைதான் வருகிறது. பைத்தானுக்கு மாறிவிடலாமா, அல்லது எக்ஸ்எம்எல்லை நானே கையால் எழுதிவிடட்டுமா?” இதே கேள்வியைப் பலரும் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

சேவையை அழைக்கும் நம் பக்க நிரலை, அதாவது கிளையண்டை, அந்தக் கோப்பிலிருந்து கருவியால் உருவாக்கலாம், கோப்பை நிரல் ஓடும்போது படிக்கவிடலாம், அல்லது செய்தியைக் கையால் எழுதலாம். மூன்று வழிகளும் நல்ல வழிகள்தான். கருவி அடம்பிடிக்கிறது என்ற கோபத்தில் வழியை மாற்றினால், அதே சிக்கல் வேறு உருவத்தில் திரும்பி வரும். அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## முடிவெடுக்க உதவும் அளவுகோல்கள்

டபிள்யூஎஸ்டிஎல் எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. கோப்பைத் திறந்து, செய்தி எந்த வடிவில் போகும் என்று சொல்லும் பைண்டிங் பகுதியில் ‘யூஸ்’ என்ற பண்புக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். ‘லிட்டரல்’ என்றிருந்தால் எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. ‘என்கோடெட்’ (சோப்பின் பழைய குறியீட்டு விதிகள்) என்றிருந்தால் பாதி வழிகள் அங்கேயே அடைபட்டுவிடும். டபிள்யூஎஸ்-ஐ பேசிக் புரொஃபைல் என்ற விதித்தொகுப்பு 2004-ஆம் ஆண்டிலேயே என்கோடெட் முறையை விலக்கிவிட்டது. கிளையண்டை உருவாக்கும் ஜாவா கருவியான டபிள்யூஎஸ்இம்போர்ட் என்கோடெட் வகையைத் தொடவே தொடாது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட சர்வர்கள் சில இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து, எத்தனை செயல்களை உண்மையில் அழைக்கப் போகிறீர்கள்? கோப்பில் எண்பது செயல்கள் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளருக்குத் தேவை ‘பார்சல் எங்கே இருக்கிறது’ என்ற ஒன்று மட்டுமாக இருக்கலாம். அந்தச் சேவை எவ்வளவு அடிக்கடி மாறும், மாறினால் முன்கூட்டிச் சொல்வார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு எந்த அளவுக்கு வேண்டும் என்பதும் முக்கியம். வெறும் எச்டிடிபிஎஸ் போதுமா, செய்தியின் தலைப்பகுதியிலேயே அடையாளச் சான்றை வைக்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி கேட்கிறார்களா, டிஜிட்டல் கையொப்பமும் வேண்டுமா?

கடைசி அளவுகோலை எந்தக் கையேட்டிலும் காண முடியாது. இந்த நிரலை இரண்டு வருடம் கழித்து யார் பராமரிப்பார்கள்? மதுரையில் வேலை பழகியவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவது நமக்குப் பழகிப்போன கதை. எழுதியவருக்கு மட்டுமே புரியும் வழி, அவர் போன மறுநாளே கடனாகிவிடும்.

## வழியை மாற்றும் முன் கோப்பைப் பாருங்கள்

அளவுச்சீட்டில் தப்பு இருந்தால் தையல்காரரை மாற்றிப் பயனில்லை. உருவாக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலோ அது இழுத்துவரும், தரவு வகைகளை வரையறுக்கும் எக்ஸ்எஸ்டி ஸ்கீமாக்களிலோதான் இருக்கின்றன.

‘புரோலாகில் உள்ளடக்கம் அனுமதிக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வந்தால், கருவிக்குக் கிடைத்தது சரியான எக்ஸ்எம்எல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முகவரி உங்களை ஒரு லாகின் பக்கத்துக்குத் திருப்பியிருக்கும். அல்லது கோப்பின் தொடக்கத்தில், எழுத்துக்குறியாக்கத்தைக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒட்டியிருக்கும். பிரவுசரில் திறந்தால் எல்லாம் நன்றாகத் தெரிவதால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று ஐபி முகவரி. சேவை தருபவர்கள் பலர், தாங்கள் பதிவு செய்துகொண்ட ஐபியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறப்பார்கள். அலுவலக பிராட்பேண்டின் ஐபி நிலையானதாக இல்லாவிட்டால், நேற்று வேலை செய்த கட்டளை இன்று தோற்றுப்போகும். இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் இருக்கிறது. டபிள்யூஎஸ்டிஎல்லையும் அது இழுக்கும் எல்லா எக்ஸ்எஸ்டி கோப்புகளையும் இறக்கி, உள்ளே இருக்கும் முகவரிகளை உள்ளூர்ப் பாதையாக மாற்றி, திட்டத்தோடு சேர்த்து, நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்துவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

## வழி ஒன்று: கருவியால் கிளாஸ்களை உருவாக்குவது

ஜாவாவில் டபிள்யூஎஸ்இம்போர்ட் அல்லது அப்பாச்சி சிஎக்ஸ்எஃப், டாட்நெட்டில் டாட்நெட்-எஸ்விசியூட்டில். கோப்பைக் கொடுத்தால் சேவையை அழைக்கும் நிரல் கிளாஸ்களாக வந்துவிடும். எடிட்டரில் புள்ளி வைத்தால் புலங்களின் பெயர்கள் வரிசையாக வரும், வகை மாறினால் கம்பைலரே பிடித்துவிடும். செயல்கள் அதிகம், வகைகள் சிக்கல், டபிள்யூஎஸ்-செக்யூரிட்டியும் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. விமான டிக்கெட் போன்ற பெரிய சேவைகளுக்கு வேறு எதையும் நான் யோசிப்பதே இல்லை.

மறைந்திருக்கும் செலவும் இந்த வழியில்தான் அதிகம்.

ஜாவாவில் முதல் இடறல் கருவியே காணாமல் போவது. ஜாவா 6 முதல் ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயோடு சேர்ந்து வந்த டபிள்யூஎஸ்இம்போர்ட், 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. இப்போது அதை மேவன் அல்லது கிரேடில் என்ற பில்ட் கருவி வழியாகத் தனியே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அடுத்த இடறல். பழைய கருவிகள் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பேக்கேஜ்களில் எழுதும், புதியவை ‘ஜகார்த்தா’ என்று எழுதும். ஸ்பிரிங் பூட் 3 ஃபிரேம்வொர்க் ஜகார்த்தாவைத்தான் ஏற்கும், அதற்குப் பொருந்துவது சிஎக்ஸ்எஃப் 4. பழைய திட்டத்தில் உருவாக்கிய கிளாஸ்களை அப்படியே நகலெடுத்துப் புதியதில் ஒட்டிவிட்டு, ஏன் கம்பைல் ஆகவில்லை என்று தவிக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒட்டாதீர்கள், பொருத்தமான பதிப்பை வைத்து மறுபடி உருவாக்குங்கள்.

ஜாவா 8-இல் ‘அக்ஸஸ்எக்ஸ்டர்னல்ஸ்கீமா’ என்ற சொல்லோடு பிழை வந்தால் ஸ்கீமாவைக் குறை சொல்லாதீர்கள். வெளிக்கோப்புகளைப் படிக்கப் பாதுகாப்புக்காக விதித்த தடை அது. அந்தப் பண்புக்கு ‘ஆல்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால் வழிவிடும். ‘ஆப்ஜெக்ட்ஃபேக்டரி’யில் இரண்டு அறிவிப்புகள் மோதுகின்றன என்று வந்தால், ஸ்கீமாவில் இரண்டு பெயர்கள் ஜாவாவில் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். ‘ஆட்டோநேம்ரெசல்யூஷன்’ என்ற விருப்பத்தேர்வு பல நேரம் இதைத் தீர்த்துவிடும். தீராவிட்டால், கருவிக்கு நம் திருத்தங்களைச் சொல்லும் தனிக் கோப்பான பைண்டிங் கோப்பு எழுதி நாமே பெயர் சூட்ட வேண்டும். பழைய டாட்நெட் சேவை ‘டேட்டாசெட்’ அனுப்பினால் ‘எஸ்:ஸ்கீமா’ என்ற பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கருவி நிற்கும். அதற்கு எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் ஸ்கீமாவையே பைண்டிங்காகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

உருவாக்கம் பிழையின்றி முடிந்த பிறகும் உள்ளே இருப்பது வேண்டிய உருவத்தில் இருக்காது. ஐரோப்பிய ஆணையத்தின் வீஸ் சேவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாங்குகிற நிறுவனத்தின் வாட் எண் செல்லுமா என்று கேட்கும் ‘செக்வாட்’ செயலை ஜாவாவில் உருவாக்கிப் பாருங்கள். திருப்பி எதுவும் தராத ஒரு மெத்தட் வரும். அதற்கு நாட்டுக் குறியீடு, வாட் எண், தேதி, செல்லுமா, பெயர், முகவரி என்று ஆறு ‘ஹோல்டர்’கள். நாட்டுக் குறியீடும் எண்ணும் கேள்வியிலும் பதிலிலும் வருவதால் கருவி அவற்றை இருவழிப் பெட்டிகளாக ஆக்கிவிட்டது. பைண்டிங் கோப்பில் ‘எனேபிள்ராப்பர்ஸ்டைல்’ என்பதை அணைத்தால், கேள்விக்கு ஒரு கிளாஸ், பதிலுக்கு ஒரு கிளாஸ் என்று ஒழுங்காக வரும். அப்போதும் பெயரும் முகவரியும் வெறும் எழுத்துத்தொடராக வராது, ‘ஜாக்ஸ்பிஎலிமெண்ட்’ உறைக்குள் ஒளிந்திருக்கும். ஸ்கீமாவில் அவை இல்லாமலும் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம் என்று அனுமதித்திருப்பதுதான் காரணம். ‘ஜெனரேட்எலிமெண்ட்பிராபர்ட்டி’யை அணைத்தால் அந்த உறையும் போய்விடும்.

பழகிப்பார்க்கவும் வீஸ் நல்ல இடம். அதற்குத் தனியே ஒரு சோதனைச் சேவை இருக்கிறது. எண்ணாக 100 கொடுத்தால் செல்லும் என்றும், 200 கொடுத்தால் செல்லாது என்றும், 301 கொடுத்தால் உறுப்பு நாட்டின் சேவை கிடைக்கவில்லை என்ற பிழையும் வரும். உண்மைச் சேவையில் கிரீஸ் நாட்டுக்கு ‘ஜிஆர்’ செல்லாது, ‘இஎல்’ என்றுதான் கொடுக்க வேண்டும். பிரிட்டன் எண்களை 2021 ஜனவரி 1 முதல் அது சரிபார்ப்பதில்லை, வட அயர்லாந்துக்கு மட்டும் ‘எக்ஸ்ஐ’ என்ற குறியீடு உண்டு. இவற்றில் எதுவும் கிளாஸ்களில் தெரியாது.

டாட்நெட்டில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது ‘ஸ்பெசிஃபைட்’ புலங்கள். ஸ்கீமாவில் கட்டாயமில்லாத ஒரு எண் இருந்தால், கருவி இரண்டு புலங்களை உருவாக்கும். ஒன்று எண், மற்றொன்று அதே பெயரோடு ‘ஸ்பெசிஃபைட்’ சேர்ந்த ஆம்-இல்லைப் புலம். எடை 5 என்று எண்ணை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை ‘ட்ரூ’ ஆக்க மறந்தால், எடை கம்பியில், அதாவது அனுப்பும் செய்தியில், ஏறவே ஏறாது. கம்பைலரும் எதுவும் சொல்லாது, ஓடும்போதும் பிழை வராது. ‘எடையைக் காணோம்’ என்று எதிர்முனையிலிருந்து மட்டும் பதில் வரும்.

ஓடும் நேரத்துச் செலவு ஒன்றும் உண்டு. உருவாக்கிய ஜாவா கிளாஸ் தன்னுள்ளே டபிள்யூஎஸ்டிஎல் இருந்த பாதையை எழுதி வைத்துக்கொள்கிறது. உங்கள் மடிக்கணினியின் பாதையாக இருந்தால் சர்வரில் ஏற்றியதும் விழும். இணைய முகவரியாக இருந்தால், அவர்கள் தளம் படுத்திருக்கும் நேரத்தில் உங்கள் நிரலும் எழும்பாது. உருவாக்கும்போதே ‘டபிள்யூஎஸ்டிஎல்லொகேஷன்’ விருப்பத்தேர்வில் கிளாஸ்பாத்துக்குள் (நிரலோடு சேர்ந்து போகும் கோப்புகளுக்குள்) இருக்கும் நகலைக் காட்டிவிடுங்கள். சேவையின் உண்மை முகவரியைக் கட்டமைப்புக் கோப்பிலிருந்து கொடுங்கள். டபிள்யூஎஸ்டிஎல்லில் எழுதியிருக்கும் முகவரி பல நேரங்களில் அவர்களுடைய உள் நெட்வொர்க்கின் பெயராக இருக்கிறது.

## வழி இரண்டு: ஓடும்போது படிப்பது

பைத்தானில் ஸீப் லைப்ரரி, பிஎச்பியில் அதனுடனே வரும் சோப்கிளையண்ட். கிளாஸ்கள் எதுவும் உருவாகாது. நிரல் ஓடத் தொடங்கும்போது டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்து, நாம் தரும் மதிப்புகளை அந்த நேரத்தில் உறையாக்கி, அதாவது சோப்பின் எக்ஸ்எம்எல் செய்தியாக்கி, அனுப்பும். நான்கைந்து வரிகளில் முதல் பதில் வந்துவிடும். ஸீப்பைக் கட்டளை வரியில் டபிள்யூஎஸ்டிஎல் முகவரியோடு ஓட்டினால், எந்தச் செயல்கள், என்ன வகைகள் என்று பட்டியலே போட்டுத் தரும். ஜாவாவில் எழுதப் போகிறவர்களும் கோப்பைப் புரிந்துகொள்ள இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

இரவில் ஓடும் ஸ்கிரிப்ட், மாதக் கணக்கு எடுக்கும் வேலை, ஏற்கெனவே பிஎச்பியில் இருக்கும் கடைத் தளம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். செலவு எங்கே என்றால், தப்பு தெரிவது ஓடும்போதுதான். புலத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரியை நிரல் எட்டும்வரை தெரியாது. சோதனைகள் எழுதும் பழக்கமில்லாத குழுவுக்கு இது ஆபத்து.

பிஎச்பியில் இரண்டு பொறிகளைத் தனியே சொல்ல வேண்டும். சோப்கிளையண்ட் டபிள்யூஎஸ்டிஎல்லைத் தேக்கி வைத்துக்கொள்ளும், இயல்பான காலம் 86,400 விநாடிகள், அதாவது முழு ஒரு நாள். எதிர்முனையில் கோப்பைத் திருத்திவிட்டோம் என்று சொன்ன பிறகும் பழைய பிழையே வந்தால், தேக்ககத்தை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். மற்றது பட்டியல்கள். இரண்டு பார்சல்கள் இருந்தால் பதில் பட்டியலாக வரும். ஒன்றே ஒன்று இருந்தால் பட்டியலாக இல்லாமல் நேரடியாக அந்தப் பொருளே வரும். ஒற்றைப் பார்சல் அனுப்பும் வாடிக்கையாளர் வரும் நாளில்தான் நிரல் உடையும். ‘சிங்கிள் எலிமெண்ட் அரேஸ்’ என்ற அம்சத்தை முதலிலேயே இயக்கிவிட்டால் இந்த வம்பு இல்லை.

ஸீப் ஸ்கீமாவைக் கறாராகப் பார்க்கும். சர்வர் தன் ஸ்கீமாவையே மீறிப் பதில் அனுப்பினால் நின்றுவிடும். கறார்த் தன்மையைத் தளர்த்த ஒரு அமைப்பு உண்டு. ஆனால் எதனால் நின்றது என்று பார்த்த பிறகு தளர்த்துங்கள். தளர்த்திய பின் சில புலங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகலாம்.

## வழி மூன்று: உறையைக் கையால் எழுதுவது

இதைக் கேவலமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஒன்றிரண்டு செயல்கள் மட்டும் தேவை, டபிள்யூஎஸ்டிஎல் உடைந்திருக்கிறது, சேவை தருபவர் திருத்தமாட்டார் என்ற மூன்றும் சேர்ந்தால், மாதிரி உறை ஒன்றை வைத்துக்கொண்டு மதிப்புகளை நிரப்பி எச்டிடிபி வழியாக அனுப்புவது நியாயமான முடிவு. உறையை சோப்யூஐ கருவியில் உருவாக்கிச் சோதித்து, வேலை செய்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கருவி சும்மா செய்து தந்ததையெல்லாம் இனி நாம் செய்ய வேண்டும். ‘அண்டு சன்ஸ்’ என்பதற்குக் கடைப்பெயரில் & குறி போட்டிருந்தால், அதை மாற்றி எழுதாமல் அனுப்பிய உறை உடைந்துவிடும். எழுத்துத்தொடரில் மதிப்புகளை ஒட்டாமல் எக்ஸ்எம்எல் லைப்ரரி வழியாகவே நிரப்புங்கள். தமிழ் முகவரி அனுப்பினால் நீளத்தை எழுத்துகளில் கணக்கிடக் கூடாது. ‘மதுரை’ என்பது ஐந்து யூனிகோட் குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட்டுகள். கன்டென்ட்-லெங்த்தில் 5 என்று கணக்குப் போட்டால் உறையின் வால் அறுந்துபோகும்.

சோப் 1.1 என்றால் கன்டென்ட்-டைப் ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’, கூடவே எந்தச் செயல் என்று சொல்லும் சோப்ஆக்ஷன் தலைப்பு வேண்டும். 1.2 என்றால் ‘அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்’, ஆக்ஷன் அதனுள்ளேயே போய்விடும். இரண்டையும் குழப்பினால் 415 (இந்த வடிவத்தை ஏற்கமாட்டேன்) என்ற பதில் வரும். இதாவது பரவாயில்லை, சத்தம் போட்டுத் தோற்கிறது. நேம்ஸ்பேஸ் (எலிமெண்ட் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற குறிப்பு) விடுபட்டாலோ மைக்ரோசாஃப்டின் டபிள்யூசிஎஃப் சர்வருக்கு எலிமெண்ட்டுகளின் வரிசை மாறினாலோ பல சர்வர்கள் எதுவும் சொல்லாது. டபிள்யூசிஎஃப் இயல்பாகப் புலங்களை ஆங்கில அகரவரிசையில் எதிர்பார்க்கும், வரிசை தப்பியதை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். அனுப்பிய பெயர் வெறுமையாகப் பதிவாகியிருப்பதைக் கடைக்காரர்தான் கண்டுபிடிப்பார்.

சோப் 1.1-இல் பிழைச் செய்தி, சர்வர் பிழையைக் குறிக்கும் எச்டிடிபி 500 எண்ணோடு வரும். 500 என்றதும் உடலைப் படிக்காமல் தூக்கிப்போடும் நிரல், காரணத்தையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. ஜாவாவின் பழைய எச்டிடிபி கிளாஸில் இதற்கு எரர் ஸ்ட்ரீமைத் தனியே படிக்க வேண்டும்.

டிஜிட்டல் கையொப்பம் கேட்டால் இந்த வழியை மறந்துவிடுங்கள். எக்ஸ்எம்எல் கையொப்பத்தைக் கையால் எழுத முயல்வது நேர விரயம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கருவி உருவாக்கியது | ஓடும்போது படிப்பது | கையால் எழுதியது |
|---|---|---|---|
| என்கோடெட் வகை | நவீன ஜாவா கருவிகளில் முடியாது | பிஎச்பியில் முடியும் | முடியும், உழைப்பு அதிகம் |
| ஒன்றிரண்டு செயல்கள் | தேவைக்கு மேல் கனம் | பொருத்தம் | பொருத்தம் |
| பல செயல்கள், ஆழமான வகைகள் | மிகப் பொருத்தம் | சோதனைகள் இருந்தால் சரி | வேண்டாம் |
| டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி | சிஎக்ஸ்எஃப்பில் நல்ல ஆதரவு | ஸீப்பில் ஓரளவு | பயனர்பெயர், கடவுச்சொல் வரை |
| சேவை மாறும்போது | கம்பைல் நேரத்தில் தெரியும் | ஓடும்போது தெரியும் | தெரியாமலே போகலாம் |
| புதியவர் எடுத்துக்கொள்வது | உருவாக்கும் கட்டளை பில்டில் இருந்தால் எளிது | எளிது | மாதிரி உறைகள் இருந்தால் எளிது |

‘சேவை மாறும்போது’ என்ற வரிக்கு ஒரு திருத்தம். கம்பைல் நேரத்தில் தெரிய வேண்டுமானால், புதிய டபிள்யூஎஸ்டிஎல்லை வைத்து நீங்கள் மறுபடி உருவாக்கியிருக்க வேண்டும். ஒரு கூரியர் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் பதிலில் ஒரு புதிய எலிமெண்டைச் சேர்த்தது. அதே பதிலை மெட்ரோ என்ற ஜாவா சோப் லைப்ரரி சத்தமில்லாமல் தாண்டிப் போனது, சிஎக்ஸ்எஃப் ‘எதிர்பாராத எலிமெண்ட்’ என்று நிறுத்திவிட்டது. சிஎக்ஸ்எஃப்பின் இயல்பே அப்படித்தான், எக்ஸ்எம்எல்லை ஜாவா கிளாஸாக மாற்றும் ஜாக்ஸ்பியின் சரிபார்ப்பு ஹேண்ட்லரை அணைத்தால் அதுவும் தாண்டிப் போகும். பணம் சம்பந்தப்பட்ட சேவையில் நிற்பதே நல்லது. பார்சல் நிலை பார்க்கும் சேவைக்கு அணைத்துவிடுவேன்.

## நான்காவதாக ஒன்று: நடுவில் ஒரு பாலம்

என்கோடெட் வகைச் சேவை, உங்கள் திட்டமோ ஜாவா 17. இந்த நிலையில், என்கோடெட் புரியும் பழைய ஜாவா லைப்ரரி என்பதற்காக ஆக்ஸிஸ் 1.4-ஐ முதன்மை நிரலுக்குள் இழுக்காதீர்கள். அது 2006-இல் வந்தது, இப்போது பராமரிப்பில் இல்லை, பாதுகாப்பு ஓட்டைகளும் உண்டு. அந்தச் சேவையோடு பேச மட்டும் பிஎச்பியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாதபடி உள் நெட்வொர்க்கில் வைத்து, உங்கள் திட்டத்துக்கு ஜேசனாகக் கொடுக்கச் செய்யுங்கள். கவனிக்க வேண்டிய சர்வர் ஒன்று கூடும், கூடுதல் லாக் ஒன்று வரும். ஆனால் அழுக்கு ஒரே இடத்தில் அடைந்திருக்கும்.

## வடபழஞ்சித் தம்பிக்கு

நீங்கள் அனுப்பிய கோப்பு டாக்குமெண்ட்-லிட்டரல் வகை, ஸ்பிரிங் பூட் 3 திட்டம், பதினைந்துக்கும் மேற்பட்ட செயல்கள். பைத்தானுக்கு மாறத் தேவையில்லை. சிஎக்ஸ்எஃப் 4-ஐ மேவன் பில்டில் சேர்த்து, உள்ளூர் நகலிலிருந்து உருவாக்குங்கள். உருவான கிளாஸ்களைக் கையால் திருத்தாதீர்கள், திருத்தம் எல்லாம் பைண்டிங் கோப்பிலேயே இருக்கட்டும். நீங்கள் ஒட்டியிருந்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே பெயர் மோதலின் எதிரொலிகள். முதல் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அப்படியும் சேவை தருபவரிடம் கேட்க வேண்டி வந்தால், ஜாவா பிழைத்தடத்தை அனுப்பாதீர்கள். அவர்கள் படிக்கமாட்டார்கள். கம்பியில் போன கேள்வி உறையையும் வந்த பதில் உறையையும் கடவுச்சொல்லை மறைத்துவிட்டு, நேரத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். வேலை செய்யும் மாதிரி உறை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நேம்ஸ்பேஸ், வரிசை, சோப்ஆக்ஷன் என்று பார்த்துக்கொண்டே வந்தால் வித்தியாசம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.